அக்கா தாண்டிப்போன படம்

“இது வேற யாரோ பண்ணின கேம்னு நினைச்சேன்டா.” அக்கா இதைச் சொன்னபோது குரலில் கிண்டல் எதுவும் இல்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் செய்தது சின்ன விளையாட்டு. சிக்கிக் கிடக்கும் வண்ண நூல்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பிரிக்க வேண்டும். ஒரு லெவல் முடிய இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். வெளியிடுவதற்கு முன்பு நான்கு மாதம் அதை விளையாடிப் பார்த்துக் குறை சொன்னவள் அக்காதான். எந்த லெவல் எரிச்சலூட்டுகிறது, எந்தச் சத்தம் காதில் குத்துகிறது, எல்லாம் அவள் சொல்லித்தான் மாற்றினேன். வெளியான அன்று அவளுக்கு லிங்க் அனுப்பவில்லை. ஸ்டோரில் அவளே தேடி எடுக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தேடினாள். பட்டியல் வந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ எங்கள் விளையாட்டு இருந்தது. அவள் கட்டைவிரல் அதைத் தாண்டிக் கீழே போனது. மறுபடி மேலே வந்தது, மறுபடியும் தாண்டியது. “இன்னும் வரலை போலிருக்கே” என்றாள். நான் விரலை நீட்டிக் காட்டியபோதுதான் மேலே சொன்ன வாக்கியம் வந்தது.

நான்கு மாதம் தினமும் கையில் வைத்திருந்த ஒன்றை, அதன் சொந்தப் படத்தை வைத்து அவளால் அடையாளம் காண முடியவில்லை. அப்படியென்றால் முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தப் படம் என்ன சொல்லியிருக்கும்? இந்தக் கேள்வி பல வாரம் என்னை விடவில்லை.

அழகா இருக்கணும்

படம் மோசமான படம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓவியம் தெரிந்த நண்பன் ஒருவன் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது. நிலா வெளிச்சத்தில் ஒரு காடு, மரக்கிளையில் சுருண்டு தூங்கும் பூனை, அதன் காலடியில் ஒரு நூற்கண்டு, மேலே வளைவாக விளையாட்டின் பெயர். பெரிய திரையில் அவன் அதைத் திறந்து காட்டியபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அழகுதான் எங்களை ஏமாற்றியது. கூகுள் பிளே கேட்கும் ஐகான் 512 பிக்சல் அகலம், 512 உயரம். ஆப்பிள் கேட்பது 1024. அந்த அளவிலேயே வரைந்து, அந்த அளவிலேயே ரசித்து, அந்த அளவிலேயே ஏற்றிவிட்டோம். ஆனால் யாரும் அதை அந்த அளவில் பார்ப்பதில்லை. ஐபோனின் முகப்பில் அது 180 பிக்சல்தான். தேடல் பட்டியலிலும் கட்டைவிரல் நகம் அளவுக்கு மேல் போவதில்லை. நிலா ஒரு வெள்ளைப் புள்ளி ஆனது. பூனை இருட்டில் ஒரு கறை. பெயர், எறும்பு ஊர்ந்த தடம். போதாக்குறைக்கு நண்பன் ஓரங்களை அழகாக வளைத்து ஒரு சட்டமும் வரைந்திருந்தான். கூகுள் பிளே 2019-இலிருந்து ஐகானின் ஓரங்களைத் தானே வளைத்துக்கொள்கிறது, நிழலும் தானே போட்டுக்கொள்கிறது. எங்கள் வளைவுக்கு மேல் அதன் வளைவு விழுந்து, சட்டத்துக்குள் சட்டம் போட்ட பழைய கல்யாணப் போட்டோ மாதிரி ஆகிவிட்டது.

அகலப் படத்திலும் இதே கூத்து. கூகுள் பிளேயில் 1024-க்கு 500 என்ற அளவில் ஒரு படம் கேட்பார்கள். பூனையின் முகத்தை அதன் நட்டநடுவில் வைத்தோம். கூடவே ஒரு வீடியோவும் இணைத்திருந்தோம். வீடியோ இருந்தால் அந்தப் படமே அதற்கு அட்டையாகிவிடும், நடுவில் பிளே பொத்தான் வந்து உட்காரும். வந்து உட்கார்ந்தது, பூனையின் மூக்கின் மேல்.

இதெல்லாம் ஒரு நாளில் சரிசெய்யக்கூடிய தவறுகள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அன்றே பட்டியல் போட்டேன். ஆனால் பட்டியலைப் போட்டு முடித்த பிறகும் அக்காவின் வாக்கியம் அப்படியே இருந்தது. பூனையைப் பெரிதாக, பளிச்சென்று, சட்டம் இல்லாமல் வரைந்திருந்தால் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. ஏனென்றால் பூனை என் விளையாட்டில் எதுவும் செய்வதில்லை. லெவல் முடிந்ததும் ஓரத்தில் எட்டிப் பார்த்து ஒரு முறை வாலை ஆட்டும், அவ்வளவுதான். காடு வெறும் பின்னணி. நான்கு மாதமாக அக்காவின் விரல் தொட்டது நூலை மட்டும்தான்.

ஒரு நாள் அவளிடம் கேட்டேன், “கண்ணை மூடிக்கிட்டு நம்ம கேமை நினைச்சா என்ன வருது?” யோசிக்கவே இல்லை. “கடைசி முடிச்சு விடுபட்டதும் நூல் டக்குன்னு நேரா நிக்கும்ல, அது.” பூனையைப் பற்றிக் கேட்டேன். “பூனையா? ஆமா, ஒண்ணு வரும்ல” என்றாள். நண்பனிடம் நான் கொடுத்த குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘காடு, இரவு, பூனை, அழகா இருக்கணும்’ என்று எழுதியிருந்தேன். நூல் என்ற சொல்லே அதில் இல்லை. அதைவிட மோசம், அவன் அந்த விளையாட்டை ஒரு முறைகூட விளையாடவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. கதை சொல்லாமல் அட்டைப்படம் கேட்டிருக்கிறேன்.

இதைச் சொன்னால், “அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே செய்தார்கள்” என்று பழைய வீடியோ கேம் நிறுவனமான அட்டாரியை இழுப்பவர்கள் உண்டு. உண்மைதான். 1977-இல் அட்டாரி தன் வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டபோது அதோடு வந்த காம்பாட் விளையாட்டின் பெட்டியில் டாங்கிகளும் விமானங்களும் சீறிக்கொண்டு வரும். உள்ளே இருந்தது சில கட்டங்களும் கோடுகளும். கிளிஃப் ஸ்போன் போன்றவர்கள் தீட்டிய அந்தப் பெட்டி ஓவியங்களை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. திரையில் நகரும் கட்டத்தை டாங்கி என்று நினைத்துக்கொள்ள அந்த ஓவியம்தான் கற்பனையைக் கடன் கொடுத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விளையாடினால் கட்டம் டாங்கியாகத் தெரியும். இன்றைக்கு அந்தக் கடனுக்கு வேலை இல்லை. ஐகானுக்குக் கீழேயே ஸ்க்ரீன்ஷாட், அதன் பக்கத்திலேயே வீடியோ. ஓவியம் ஒன்று சொல்ல, இரண்டு அங்குலம் தள்ளி விளையாட்டே அதை மறுத்துக்கொண்டிருக்கும்.

அழும் பூனை

இவ்வளவு புரிந்த பிறகு நான் ஒழுங்காக நூலை வரைந்திருக்க வேண்டும். வரையவில்லை. இடையில் ஒரு சபலம் வந்தது. ஸ்டோரை உருட்டிப் பார்த்தால் வாயைப் பிளந்து கத்தும் முகங்களாக இருந்தன. 2012-இல் வந்த கிளாஷ் ஆஃப் கிளான்ஸின் மீசைக்காரனை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை பேர் அதே மாதிரி வாயைத் திறந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. போர் விளையாட்டுக்குக் கத்தல் பொருந்தும். நூல் பிரிக்கும் விளையாட்டில் யார் கத்துவது? நான் பூனையைக் கத்தவைத்தேன். உடம்பெல்லாம் நூல் சுற்றி, கண்ணில் நீர் முட்ட, வாயைத் திறந்து அழும் பூனை. காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி. நண்பன் முகம் சுளித்துக்கொண்டே வரைந்து கொடுத்தான்.

இன்ஸ்டால் கூடியது. பழைய படத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் கூடியது. இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மூன்றாவது நாள் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்கள் வர ஆரம்பித்தன. அத்தனையின் சாரமும் ஒன்றுதான்: பூனை எங்கே? ஒருவர், இருபது லெவல் தாண்டிவிட்டேன், இன்னும் பூனையைக் காப்பாற்றும் கட்டம் வரவில்லை, அது எந்த லெவலில் வரும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். திட்டியவர்களைவிட அவர்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் நம்பி வந்திருக்கிறார், நம்பிக்கொண்டே விளையாடிக்கொண்டும் இருக்கிறார்.

இதே வியாதி பெரிய அளவில் முற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020 செப்டம்பரில் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளையாட்டுகளின் இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. விளம்பரத்தில் காட்டியது, ஊசிகளைச் சரியான வரிசையில் உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர். உள்ளே பெரும்பகுதி இருந்தது, ஒரே மாதிரியானவற்றை மூன்று மூன்றாகச் சேர்க்கும் ஆட்டம். அந்தப் புதிர்களும் உள்ளே இருக்கின்றனவே என்று அவற்றை உருவாக்கிய பிளேரிக்ஸ் நிறுவனம் வாதிட்டது. இருக்கலாம், ஆனால் அதை எட்ட வேறு மாதிரியான ஆட்டத்தை எவ்வளவோ தாண்ட வேண்டியிருக்கிறது என்றது ஆணையம். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பூனையும் உள்ளே இருக்கிறது என்றுதான் நானும் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: அழும் பூனையைத் தேர்ந்தெடுத்தது நான் மட்டும் இல்லை, சோதனையும்தான். கூகுள் பிளேயில் இப்போதுள்ள படத்துக்கு எதிராக மூன்று மாற்றுப் படங்கள் வரை வைத்து, வருகிறவர்களில் சிலருக்கு ஒன்றும் சிலருக்கு வேறொன்றுமாகக் காட்டிச் சோதிக்கலாம். ஆப்பிளிலும் மூன்று மாற்று. அதிகபட்சம் 90 நாள் ஓடும். ஆனால் ஆப்பிளில் ஐகானை மாற்றிச் சோதிக்க வேண்டுமென்றால் அந்த மாற்று ஐகான்களை ஆப்புக்குள்ளேயே முன்கூட்டி வைத்து அனுப்ப வேண்டும். இந்தச் சோதனைகள் பொய் சொல்வதில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்கின்றன. எந்தப் படத்தை அதிகம் பேர் தொடுகிறார்கள் என்று கேட்டேன், பூனை என்றது. இன்ஸ்டால் செய்தவர்கள் ஒரு நாளாவது வைத்திருந்தார்களா என்பதையும் கூகுள் காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்க்க எனக்கு அன்று மனம் இல்லை. பார்த்திருந்தாலும் ஒரு நாள் என்ன பெரிய நாள்? நூல் விளையாட்டை ஒருவர் விரும்புகிறாரா இல்லையா என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரியும்.

80 எழுத்து

ஸ்டோர் பக்கத்தில் எழுதும் விளக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஆனால் அங்கேயும் பூனை மாதிரி ஒன்று செய்திருந்தேன். 4000 எழுத்து வரை எழுதலாம் என்றதும் 4000-ஐயும் நிரப்பினேன். யார் படிப்பது? கூகுள் பிளேயில் முழு விளக்கம் ஒரு தொடுதலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் நேராகக் கண்ணில் படுவது 80 எழுத்துக் குறுவிளக்கம். ஆப்பிளில் பெயருக்கு 30, துணைத்தலைப்புக்கு 30. தமிழில் எழுதினால் இந்த இடம் இன்னும் சுருங்கும். நம் கண்ணுக்கு ‘கி’ ஓர் எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் இரண்டு குறியீடு. புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. ‘சிக்கு’ என்பது மூன்று எழுத்து என்று தொல்காப்பியர் சொல்வார். கணினி ஆறு என்னும்.

என் முதல் குறுவிளக்கம் இது: ‘மனதை மயக்கும் உலகில் மறக்க முடியாத பயணம்!’ இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. பொய் என்பதால் அல்ல. அதை எடுத்து எந்த விளையாட்டுக்குக் கீழே ஒட்டினாலும் ஒட்டும். கார் பந்தயத்துக்குக்கூட. ‘சிறந்த’, ‘நம்பர் 1’, ‘இலவசம்’ மாதிரியான சொற்களைப் பெயரிலும் ஐகானிலும் கூகுள் 2021-இல் தடுத்தது. பெயரின் நீளத்தையும் 50 எழுத்திலிருந்து 30-க்குக் குறைத்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளமும் 2022 செப்டம்பரிலிருந்து, கடையில் காட்டும் முகப்புப் படத்தில் விருதுச் சின்னம், விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எழுத்து எதுவும் கூடாது, விளையாட்டின் ஓவியமும் பெயரும் போதும் என்றது. அப்போது டெவலப்பர்கள் பலர் முணுமுணுத்தார்கள், நானும்தான். இன்று யோசித்தால், அந்த விதிகள் எடுத்துப்போட்டது எதுவும் விளையாட்டைப் பற்றிய செய்தியே இல்லை.

புதிதாக எழுதியபோது, இதில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் சேர்த்தேன். ‘சிக்கிய நூல்களைப் பிரியுங்கள். கடிகாரம் இல்லை, அவசரம் இல்லை.’ கடிகாரம் இல்லை என்று படித்ததும் பரபரப்பு தேடி வந்தவர் போய்விடுவார். போகட்டும். அவர் உள்ளே வந்து பத்து நிமிடத்தில் கொட்டாவி விட்டு ஒற்றை நட்சத்திரம் தருவதைவிட, வாசலிலேயே திரும்பிவிடுவது இருவருக்கும் நல்லது. ஆட்களைத் திருப்பி அனுப்பவும் அந்த வரி வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் நாளானது. இன்ஸ்டால் எண் ஏறுவதைப் பார்த்துப் பழகிய கண் இல்லையா.

ஒரு நகர்த்தல் மிச்சம்

நண்பனிடம் போனேன். இந்த முறை குறிப்பு எதுவும் கொடுக்கவில்லை. கைபேசியைக் கொடுத்து, விளையாடிவிட்டு நீயே சொல் என்றேன். சாயங்காலம் வாங்கியவன் மறுநாள் காலையில்தான் திருப்பித் தந்தான். கூடவே ஒரு தாளில் பென்சிலால் கிறுக்கிய ஒன்று. தடிமனான இரண்டு நூல், நடுவில் பாதி அவிழ்ந்த ஒரு முடிச்சு. அவ்வளவே. பூனை இல்லை, நிலா இல்லை, பெயர் இல்லை. முதலில் வண்ணம் இல்லாமல் சாம்பல் நிறத்திலேயே வரைந்து, நகம் அளவுக்குச் சுருக்கி, முடிச்சு தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்த பிறகே வண்ணம். நான் சிவப்பும் பச்சையும் என்றேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு இரண்டும் ஒரே நூலாகிவிடும் என்று சொல்லிச் சிவப்பும் நீலமும் வைத்தான். பின்னணியை வெள்ளையாக விட்டால் ஸ்டோரின் வெள்ளையில் கரைந்துவிடும் என்று அடர் மஞ்சள். “முன்னாடியே விளையாடக் கொடுத்திருந்தா அந்தக் காட்டை வரைஞ்சிருக்கவே மாட்டேனே” என்றான். மூன்று வார உழைப்பு. அவனுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்க்ரீன்ஷாட்டுகளில்தான் நிஜமாகவே மண்டையை உடைத்துக்கொண்டேன். கூகுளில் எட்டு வரை வைக்கலாம், ஆப்பிளில் பத்து வரை. ஆப்பிளின் தேடல் முடிவில் நெடுக்குவாட்டுப் படமென்றால் முதல் மூன்று அங்கேயே தெரியும். எங்கள் முதல் மூன்று என்னவென்று நினைக்கிறீர்கள்? தலைப்புத் திரை, லெவல் வரைபடம், செட்டிங்ஸ் பக்கம். விளையாடுகிறவர் இரண்டு நொடியில் தாண்டிப்போகும் இடங்களை வாசலில் மாட்டி வைத்திருந்தேன். அதைத் தூக்கிவிட்டு முடிந்த லெவல்களை வைத்தேன். நூல்களெல்லாம் நேராக, ஒழுங்காக, மேலே ‘அபாரம்!’ என்ற எழுத்தோடு. பார்க்கச் சுத்தமாக இருந்தது, ஆனால் உயிரே இல்லை. பிரிந்துவிட்ட நூலில் பார்க்கிறவருக்கு என்ன வேலை? சரி என்று தலைகீழாக, மிகக் கடினமான லெவலின் தொடக்கத்தை வைத்தேன். பதினெட்டு நூல் ஒரே பந்தாக. அதைப் பார்த்தால் தலைவலிதான் வந்தது. அவசரம் இல்லை என்று கீழே எழுதிவிட்டு மேலே இதை வைத்தால் யார் நம்புவார்கள்?

அப்புறம் ஒரு நாள் ராத்திரி, ஏதோ ஒரு லெவலைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வந்தேன். திரை அப்படியே இருந்தது. ஐந்து நூல், நான்கு பிரிந்தாயிற்று, ஒரு சிவப்பு மட்டும் நீலத்துக்கு அடியில் மாட்டியிருக்கிறது. அதை மேலே இழுத்தால் முடிந்தது. உட்காருவதற்கு முன்பே கை அங்கே போனது. கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றேன். அக்கா சொன்ன ‘டக்’ இன்னும் நடக்கவில்லை, நடக்கப்போகிறது. அந்த நிலையை அப்படியே படமெடுத்தேன். பிறகு எல்லா ஸ்க்ரீன்ஷாட்டையும் அதே மாதிரி எடுக்க ஆரம்பித்தேன், முடிவுக்கு ஒரு நகர்த்தல் மிச்சம் இருக்கும்போது. எது அந்தக் கடைசி நகர்த்தல் என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இரண்டாவது பார்வை தேவைப்பட்டால் அந்தப் படம் வேண்டாம். இப்படிச் சலித்ததில் இருநூறு லெவலில் தேறியது ஆறு. மேலே எழுத்து போடுவதையும் குறைத்துவிட்டேன். முதல் படத்தில் ஒரு சொல்கூட இல்லை. சிவப்பு நூலே எல்லாவற்றையும் சொல்கிறதே, இடையில் நான் எதற்கு?

எல்லாவற்றையும் மாற்றி ஏற்றிய பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடம் சோதிப்பதில் இனி அர்த்தமில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும். மாமா சோபாவில் இருந்தார். அவர் கைபேசியில் விளையாடியே நான் பார்த்ததில்லை. என் விளையாட்டையும் பார்த்ததில்லை. ஸ்டோரில் எங்கள் பக்கத்தைத் திறந்து, “மாமா, இது எப்படி இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்” என்று கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதல் படத்தைத் தொட்டார், அது திரை முழுக்க விரிந்தது. சிவப்பு நூலின் நுனியில் விரலை வைத்து இழுத்தார். படம் நழுவி அடுத்த படம் வந்தது. திரும்பி வந்து, இந்த முறை இன்னும் கவனமாக, மெதுவாக இழுத்தார். மறுபடியும் அடுத்த படம்.

“என்னப்பா இது, நூல் வரவே மாட்டேங்குது” என்றார்.